நான்கு அட்டைகளும் ஓர் எண்ணும்: பக்கவாத அளவுகோலின் பேச்சுப் பகுதி குறித்து ஒரு மதிப்புரை

அவசர சிகிச்சைப் பிரிவில் பக்கவாத நோயாளியைப் பார்க்கும் மருத்துவர்கள் பலரும் ஒரு முறையாவது கையில் எடுத்திருக்கக்கூடிய நான்கு அட்டைகளைப் பற்றியது இந்த மதிப்புரை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் பக்கவாத அளவுகோல், சுருக்கமாக என்.ஐ.எச்.எஸ்.எஸ்., 1989இல் வெளியானது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தின் பயனை நிறுவிய 1995ஆம் ஆண்டு ஆய்வில் பயன்பட்ட பிறகு, பக்கவாதத்தின் கடுமையை அளப்பதற்கு உலகெங்கும் இதுவே பொதுக்கோலாகிவிட்டது. நினைவுநிலை, கண்ணசைவு, முகம், கை, கால், தொடுவுணர்வு எனப் பலவற்றைச் சோதித்து 0 முதல் 42 வரை, பாதிப்பு கூடக் கூட உயரும் ஓர் எண்ணைத் தரும் இந்த அளவுகோலில், 9ஆவது கூறு மொழியையும் 10ஆவது கூறு உச்சரிப்பையும் பார்க்கின்றன. அவ்விரண்டுக்காக ஒரு சமையலறைக் காட்சி, ஆறு பொருள்களின் கோட்டுப்படங்கள், ஐந்து வாக்கியங்கள், ஆறு சொற்கள் ஆகியவற்றை நான்கு தாள்களில் தந்திருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அவற்றை அச்செடுத்து, லேமினேட் செய்து, மதுரைப் பக்கத்தில் பொது மருத்துவம் பார்க்கும் நான் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அளவுகோல் முழுவதையும் எடைபோடுவது என் நோக்கமன்று; தமிழ் மட்டுமே அறிந்த நோயாளியின் முன் இந்த அட்டைகளும் அவற்றிலிருந்து பிறக்கும் எண்ணும் எவ்வளவு தூரம் கைகொடுக்கின்றன என்பதை மட்டுமே சொல்ல விரும்புகிறேன்.

நிறையை முதலில் சொல்லிவிட வேண்டும். "பேச்சு வரல", "நாக்கு குழறுது", "என்னமோ உளறுறாரு" என்று உடன் வந்தவர்கள் சொல்லும் மூன்றும் மூன்று வேறு நிலைகளாக இருக்கக்கூடும். ஆனால் கேஸ் ஷீட்டில் மூன்றுமே "ஸ்பீச் ஸ்லர்டு" என்ற ஒரே குறிப்பாக முடிந்துபோவது நம் வார்டுகளில் நெடுநாளைய வழக்கம். அந்த வழக்கத்தை இந்த அளவுகோல் ஓரளவு உடைத்திருக்கிறது. சொல்லைத் தேடி எடுப்பதும், வாக்கியமாகக் கோப்பதும், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் மூளையின் மொழிப்பணி. அது கெடுவது அஃபேசியா. கோத்து முடித்த சொல்லை உதடு, நாக்கு, அண்ணம், குரல்வளை, மூச்சு ஆகியவற்றின் தசைகளைக் கொண்டு ஒலியாக்குவது வேறு பணி. அது கெடுவது டிஸ்ஆர்த்ரியா. எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், இரண்டாம் வகை நோயாளி வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் பிழையின்றி எழுதிக் காட்டிவிடுவார்; முதல் வகையினருக்குப் பெரும்பாலும் எழுத்தும் கூடவே கெட்டிருக்கும். இவ்விரண்டையும் தனித்தனிக் கட்டங்களாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எழுதியே ஆகவேண்டும் என்று நிர்ப்பந்திப்பதால், இரவுப் பணியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன்கூட "இது மொழியா, வாயா?" என்று ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உச்சரிப்பைச் சோதிக்கும்போது எதற்காகச் சோதிக்கிறோம் என்பதை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்ற விதியும் எனக்கு மிகவும் பிடித்தது. சொல்லிவிட்டால் பலர் நிறுத்தி நிதானமாகப் பேசிக் குழறலை மறைத்துவிடுகிறார்கள்.

இனி அட்டைகளுக்கு வருகிறேன். பொருள்களின் பெயரைக் கேட்கும் அட்டையில் கையுறை, சாவி, கள்ளி, நாற்காலி, இறகு, தூளியைப் போன்ற ஒரு தொங்குபடுக்கை ஆகிய ஆறும் இருக்கின்றன. இவற்றில் சாவியும் நாற்காலியும் எந்தச் சிக்கலும் தருவதில்லை. "சேர்" என்றாலும் சரி, இலங்கையிலிருந்து வந்த ஒருவர் "கதிரை" என்றாலும் "திறப்பு" என்றாலும் சரி, கேட்பவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தால் போதும். கையுறையைப் பார்த்துப் பாதிப்பேர் "கை" என்கிறார்கள். வாழ்நாளில் கையுறை அணிந்திராத ஒருவர் அப்படிச் சொல்வதை மொழிப்பிழையாகக் கொள்ள முடியாது. இறகின் கோட்டுப்படம் பலருக்கு வேப்பங்கொத்தின் ஒற்றை இலையாகவே தெரிகிறது. இரு மரங்களுக்கிடையே கட்டித் தூங்கும் தொங்குபடுக்கை நம் ஊர்ப் பொருளே அன்று. "தூளி", "தொட்டில்", "ஊஞ்சல்", "ஏணை" என்று வட்டாரத்துக்கு ஒன்றாகப் பதில் வருகிறது, அவை அனைத்தையும் சரியென்றே நான் கொள்கிறேன். வரையப்பட்டிருக்கும் கள்ளி அமெரிக்கப் பாலைவனத்துக் கள்ளி. நம்மவர்கள் அறிந்த சப்பாத்திக் கள்ளிக்கும் திருகுக் கள்ளிக்கும் அதற்கும் சாயல் குறைவு. ஆக, ஆறில் நான்கு படங்களில், பதில் வராதபோது அது சொல் கிடைக்காத துயரமா, பொருளே தெரியாத நிலையா என்று பிரித்தறிய இயலாமல் போகிறது. இதற்கு நான் கண்டுகொண்ட வழி மிக எளியது. படத்தோடு நிறுத்தாமல் சட்டைப்பையிலும் கையிலும் இருக்கும் பேனா, கைக்கடிகாரம், சட்டைப் பொத்தான், செருப்பு, சீப்பு ஆகியவற்றைக் காட்டுகிறேன். பார்வை குறைந்தவர்களின் கையில் பொருளைக் கொடுத்துப் பெயர் கேட்கலாம் என்று அளவுகோலின் விதிகளே அனுமதிக்கின்றன.

பெயர் வராதபோது என்ன வருகிறது என்பதே உண்மையில் கவனிக்க வேண்டியது. சீப்பைக் காட்டினால் "கண்ணாடி" என்பவர் பொருளால் உறவுடைய சொல்லுக்குத் தாவியிருக்கிறார். "பீச்சு" என்பவர் சொல்லைப் பிடித்துவிட்டு ஒலிகளை இடம் மாற்றியிருக்கிறார். "அதுதான், தலைக்கு இப்படி இப்படிச் செய்வமே" என்று வாரிக் காட்டுபவருக்குப் பொருள் தெரிகிறது, பெயர் மட்டும் நாவுக்கு வரவில்லை. மூவருக்கும் கோளாறு வேறு, செய்ய வேண்டிய பயிற்சியும் வேறு. அட்டை இவர்களை நம் முன் பேச வைக்கிறது. ஆனால் அவர்கள் பேசியதை எழுதி வைக்க அளவுகோலின் படிவத்தில் தனி இடம் ஒதுக்கப்படவில்லை.

சமையலறைக் காட்சி குட்கிளாஸ், கப்லான் ஆகியோரின் 1972ஆம் ஆண்டு பாஸ்டன் அஃபேசியா சோதனையிலிருந்து எடுத்தது. தாய் பாத்திரம் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு முன்னால் தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் வழிகிறது. பின்னால் ஒரு பையன் முக்காலியின்மேல் ஏறி அலமாரியிலிருந்து பிஸ்கட் திருடுகிறான், முக்காலி சாய்கிறது, கீழே ஒரு சிறுமி கையை நீட்டுகிறாள். நான்கு அட்டைகளில் இதுவே எனக்கு மிகவும் பயன்பட்டது. படத்தின் சமையலறை அமெரிக்காவில் இருந்தாலும், முறுக்கு டின்னுக்கு முக்காலி போட்டு ஏறாத பிள்ளை எந்த ஊரில் இருக்கிறது? கிராமத்துப் பாட்டிகள் இந்தப் படத்தைப் பார்த்ததும் "ஐயோ, விழப்போறான்" என்று பதறுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தமிழில் வினைமுற்றும் வேற்றுமை உருபும் சரியாக வருகின்றனவா என்பதை இந்தப் படத்தைப்போல வேறெதுவும் வெளிக்காட்டுவதில்லை. "பையன்... நாற்காலி... விழு... அம்மா... தண்ணி" என்று திக்கித் திக்கிச் சொற்களை மட்டும் உதிர்ப்பவருக்கும், "அவங்க அதை அங்க வச்சு அப்படியே பண்ணிக்கிட்டு இருக்கும்போது இது அதுக்கு வந்துடுச்சு" என்று தங்குதடையின்றிப் பொருளில்லாமல் பேசுபவருக்கும் உள்ள வேறுபாடு இரண்டு நிமிடங்களில் துலங்கிவிடும்.

ஆங்கில வாக்கியங்கள் எழுதிய அட்டையை நான் பயன்படுத்துவதே இல்லை. அதை வாய்மொழியாக மொழிபெயர்த்துத் திருப்பிச் சொல்ல வைப்பதில், அவசரத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக மொழிபெயர்க்கிறார்கள் என்ற குறை உண்டு.

சொற்களின் அட்டை சற்று வேடிக்கையானது. "மாமா", "டிப்-டாப்", "ஃபிஃப்டி-ஃபிஃப்டி", "தேங்க்ஸ்", "ஹக்கிள்பெரி", "பேஸ்பால் பிளேயர்" என்ற ஆறு சொற்களும் உதட்டையும் நாவின் நுனியையும் நாவின் பின்பகுதியையும் மாறிமாறி வேலை வாங்குபவை. முதல் சொல் ஆங்கிலத்தில் தாயைக் குறிக்கிறது. நம் நோயாளிகள் தாய்மாமனை நினைத்துக்கொண்டு அதை மிக அழகாகச் சொல்கிறார்கள். டிப்டாப்பும் தேங்க்ஸும் தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டன. ஹக்கிள்பெரியை மட்டும் நலமாக இருக்கும் நானே ஒரே மூச்சில் சரியாகச் சொல்வேனா என்பது ஐயம். இந்த அட்டைக்கு மாற்றாக நான் வைத்திருப்பவை "பாப்பா", "தாத்தா", "காக்கா", "பட்டாணி", "வாழைப்பழம்", "கிழக்கு" ஆகியவை. அவற்றைத் தொடர்ந்து ப-த-க, ப-த-க என்று வேகமாகச் சொல்லச் செய்வேன். ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்த பழைய நாநெகிழ்ப் பயிற்சியையும் சொல்லிப் பார்க்கச் சொல்லலாம். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிப்பவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். "வாளப்பளம்" என்றவுடன் 1 மதிப்பெண் போட்டுவிட்டால், பக்கவாதத்தின் பெயரால் ஒரு வட்டார வழக்குக்கு நோய்ப்பெயர் சூட்டியவர்கள் ஆவோம். "முன்னாடியும் இப்படித்தான் பேசுவாரா?" என்று மகளையோ மனைவியையோ கேட்காமல் உச்சரிப்புக்கு மதிப்பெண் இடுவது சரியன்று. செயற்கைப் பல்வரிசை கழற்றி வைக்கப்பட்டிருக்கிறதா, வாயில் வெற்றிலை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், இரண்டாவதை நான் ஒரு முறை தவறவிட்டிருக்கிறேன்.

இனி எண்ணைப் பற்றி. மொழிக்கு 0 முதல் 3 வரையும் உச்சரிப்புக்கு 0 முதல் 2 வரையும் மதிப்பெண் உண்டு. மொழியில் 2 என்றால் கடும் அஃபேசியா என்று பொருள். ஆனால் சொல் வராமல் திணறி, கேட்பதெல்லாம் ஏறக்குறைய புரிந்து, தன் நிலையை எண்ணிக் கண்ணீர் விடுபவருக்கும் அதே 2தான். ஆற்றுவெள்ளம்போலப் பேசி, எதுவும் புரியாமல், தனக்குக் குறை இருப்பதையே உணராதவருக்கும் அதே 2தான். ஒரு சொல்லும் பேசாதவருக்கு மொழியில் 3, உச்சரிப்பில் 2 என்று இரண்டிலும் உச்ச மதிப்பெண் எளிதில் விழுந்துவிடும். அவர் தலையசைத்துச் சரியாகப் பதில் சொல்கிறாரா, இடக்கையால் தன் பெயரை எழுதுகிறாரா என்று பார்த்தவருக்கே அவரது மொழி அப்படியே இருக்கிறது என்பது தெரியவரும். கடுமையை அளப்பதற்காகச் செய்த கோலிடம் வகையையும் எதிர்பார்ப்பது நியாயமன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணை எழுதியதும் பேச்சைச் சோதித்து முடித்துவிட்டோம் என்ற நிறைவு மருத்துவருக்கு வந்துவிடுகிறதே, அங்கேதான் எனக்கு மனக்குறை.

இதை நான் பிறர்மேல் பழிபோட்டுச் சொல்லவில்லை. படித்து முடித்த புதிதில், ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்தபோது, மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். கை கால் நன்றாக இருந்தன, முகம் கோணவில்லை. பெயரைக் கேட்டேன், "சரக்கு எல்லாம் வந்துச்சுல்ல, அந்தத் தட்டியில கணக்குப் போட்டு லட்டியா இறக்கியாச்சு" என்று ஏற்ற இறக்கத்தோடு, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவதைப்போலவே பேசினார். எந்தக் கேள்விக்கும் பதில் அந்த வகையிலேயே இருந்தது. "கன்ஃப்யூஸ்டு, இர்ரெலவன்ட் டாக்" என்று ஒரே வரியில் எழுதி, காலையில் மனநலப் பிரிவில் காட்டும்படி ரெஃபர் செய்துவிட்டேன். மறுநாள் ரவுண்ட்ஸில் தலைமை மருத்துவர் அவரிடம் "கண்ணை மூடுங்க" என்றார், பெரியவர் புன்னகைத்தார். கண்ணை மூடிக் காட்டியதும் தானும் மூடினார். அவ்வளவே, இடப்பக்க மூளையில் பக்கவாதம் என்பதை ஸ்கேன் பின்னர் உறுதி செய்தது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தருவதற்கு இருக்கும் 4.5 மணி நேரம் எப்போதோ கடந்து போயிருந்தது. "என்னப்பா, அவர் என்ன பேசினார்னு ஒரு வரிகூட எழுதலையே" என்று மட்டும் தலைமை மருத்துவர் என்னிடம் கேட்டார். "லட்டியா இறக்கியாச்சு" என்ற அந்த ஒரு வாக்கியத்தை நான் எழுதியிருந்தால், அதைப் படித்த அடுத்த மருத்துவர் நள்ளிரவிலேயே நோயைக் கண்டுபிடித்திருப்பார். இல்லாத சொற்களைத் தடையின்றி உருவாக்கிப் பேசுவது குழப்பநிலையின் இயல்பன்று.

1861இல் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளி "தான்" என்ற ஓர் அசையைத் தவிர வேறொன்றும் பேச இயலாதவர். அந்த அசையைப் புரோக்கா எழுதி வைத்ததால்தான், நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு அவரது பேச்சு எப்படிக் கெட்டிருந்தது என்பதை நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். 1874இல் ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கே விவரித்த, சரளமாகப் பேசியும் பொருள் விளங்காத நோயாளிகளின் வகையும் அத்தகைய பதிவிலிருந்தே நமக்கு வந்தது. அவர்கள் காலத்தில் ஸ்கேன் கருவியும் கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்லும் இறந்தபின் மூளையும் மட்டுமே இருந்தன.

ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் நான் ஐந்தாறு வரிகள் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். கேஸ் ஷீட் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று எவரும் எனக்குத் தடை விதித்ததில்லை. கடைசியாக நன்றாகப் பேசியது எத்தனை மணிக்கு, யார் கேட்டார், வலக்கைப் பழக்கமா, இடக்கையா, எந்த வகுப்புவரை படித்தவர், காது கேட்கிறதா, வீட்டில் பேசும் மொழி எது. இந்தக் கடைசிக் கேள்வி மதுரையில் மிகவும் முக்கியம், ஏனென்றால் கடைவீதியில் தமிழ் பேசி வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசும் முதியவருக்கு இரு மொழிகளும் ஒரே அளவில் கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அதன்பின் தானாகப் பேசிய ஒரு வாக்கியம் அப்படியே, பெயர் கேட்டதற்கு வந்த பதில்கள் அப்படியே, திருப்பிச் சொல்லச் சொன்னபோது வந்தது, இரண்டு படிகள் கொண்ட ஒரு கட்டளையைச் செய்தாரா என்பது, எழுதத் தெரிந்தவரானால் அவர் எழுதிய தாளே கேஸ் ஷீட்டில் ஒட்டப்படும். ஒன்று, இரண்டு என எண்ணுவதும் கிழமைகளைச் சொல்வதும் வாய்ப்பாடமான குறளும் பலருக்குக் கடும் அஃபேசியாவிலும் தப்பிப் பிழைத்திருக்கும். அவற்றைக் கேட்டுவிட்டு "பேச்சு இயல்பு" என்று எழுதிவிடக்கூடாது. இரத்தச் சர்க்கரை குறைந்தாலும் வலிப்புக்குப் பின்னாலும் இதே தோற்றம் வரும் என்பதால் அவ்விரண்டுக்கும் ஒரு வரி. உச்சரிப்புக் குழறியவர்களுக்கு விழுங்குவதிலும் தடை இருப்பது மிகுதி. சோதிக்கும் முன்பே யாராவது சோடாவோ காப்பியோ புகட்டினார்களா என்பதையும் கேட்டு எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊரில் யாராவது புகட்டியிருப்பார்கள்.

அட்டைகளுக்கு வெளியே இருந்தாலும் பேச்சோடு பின்னிக்கிடக்கும் இன்னொரு கூறையும் சொல்ல வேண்டும். அளவுகோலின் தொடக்கத்தில் மாதமும் வயதும் கேட்கப்படுகின்றன. கிட்டத்தட்டச் சரியான விடைக்குப் பாதி மதிப்பு கிடையாது என்பது விதி. "ஐப்பசி" என்று பதில் சொல்பவர் சரியாகவே சொல்லியிருக்கிறார். "எழுபதுக்கு மேல இருக்கும் சாமி" என்பவர், பிறந்த தேதி எழுதி வைக்கப்படாத தலைமுறையைச் சேர்ந்தவர். நலமாக இருந்தபோதும் அதையேதான் சொல்லியிருப்பார். அவருக்குத் தவறு போடுவதா என்பது மருத்துவரின் மனச்சான்றைப் பொறுத்தது. நான் போடுவதில்லை; ஏன் போடவில்லை என்பதை எழுதிவிடுகிறேன்.

எழுதிய சொல் வார்டோடு நிற்பதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் அஃபேசியா என்று இருந்தால் நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டில் அதன் குறியீடு ஆர்47.0, டிஸ்ஆர்த்ரியா என்றால் ஆர்47.1, "ஸ்லர்டு" என்று மட்டும் இருந்தால், குறியீடு எழுதும் ஊழியர் பெரும்பாலும் பின்னதையே தேர்வார், பேச்சுப் பயிற்சியாளரும் வாய்த்தசைப் பயிற்சியிலேயே தொடங்கக்கூடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது குரல்வளை அகற்றலையும் அஃபேசியாவையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சான்றிதழுக்குச் செல்லும் குடும்பத்தின் கையில் அந்தச் சொல் இல்லாத சம்மரி இருந்தால், அலைச்சல் அங்கிருந்தே தொடங்குகிறது. "கன்ஃப்யூஸ்டு" என்ற சொல்லோ இன்னும் கொடியது. புரிந்துகொள்ளும் திறன் முழுமையாக இருந்து பேச்சு மட்டும் போனவரின் தாளில் அது ஏறிவிட்டால், வங்கியிலும் பத்திரப்பதிவிலும் அவருடைய கையெழுத்தையே பிறர் ஐயுறக்கூடும்.

விரிவான மதிப்பீட்டுக்கு இந்த அட்டைகள் ஈடாகா என்பதையும் சொல்லியாக வேண்டும். கெர்டஸ் உருவாக்கிய வெஸ்டர்ன் அஃபேசியா பேட்டரி என்ற சோதனைத்தொகுப்பு, சரளம், புரிதல், திருப்பிச் சொல்லல், பெயரிடல் ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து 100க்கு ஓர் ஈவைத் தருகிறது, 93.8க்குக் கீழே வருவது அஃபேசியாவாகக் கொள்ளப்படுகிறது. அதைச் செய்ய அமைதியான அறையும், பயிற்சி பெற்ற பேச்சு-மொழி நிபுணரும், கணிசமான நேரமும் வேண்டும். மைசூரில் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965இல் தொடங்கப்பட்டும், மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் அத்தகைய நிபுணர் கிடைப்பது இன்றும் அரிது. அவர் இல்லாத ஊரில் இந்த நான்கு அட்டைகளே நமக்கு வாய்த்தவை.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், சமையலறைப் படத்துக்கு நாலரையும், பொருள் அட்டைக்கு இரண்டும், சொல் அட்டைக்கு மாமாவின் முகத்துக்காக ஒன்றும் தருவேன். மொழியையும் உச்சரிப்பையும் பிரித்து வைத்த அமைப்புக்கு முழு மதிப்பெண். அச்செடுப்பவர்கள் ஒரு பக்கம் மட்டும் அச்செடுங்கள். என் அட்டைகளின் பின்பக்கத்தில் தமிழ்ச் சொற்பட்டியலும், ப-த-க வரிசையும், "நோயாளி சொன்னது" என்று தலைப்பிட்ட வெற்றுக் கட்டமும் இருக்கின்றன. அந்தக் கட்டத்தை ஹவுஸ் சர்ஜன்கள் பென்சிலால் நிரப்பி, கேஸ் ஷீட்டில் படியெடுத்துவிட்டு, அடுத்த நோயாளிக்காகத் துடைத்து வைக்கிறார்கள்.